பறித்த பிறகும் மூச்சு விடும் காய்கள்

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்க நம்மில் பலருக்கு மனம் வராது. ‘டக்’கென்று ஒடிந்தால் பிஞ்சு. ஒடியாமல் வளைந்து நார் நாராகப் பிரிந்தால் முற்றல். கடைக்காரர்கள் சிலர் “ஒடிக்காம எடுங்க” என்று அதட்டுவதும் உண்டு. ஒடித்துப் போட்ட காயை அடுத்தவர் எடுக்க மாட்டார் என்ற கவலை அவர்களுக்கு. ஆனால் அந்த ஒரு நொடிச் சோதனை, கருவி எதுவும் இல்லாமலே அந்தக் காயைப் பற்றி இரண்டு சேதிகளைச் சொல்லிவிடுகிறது.

முதல் சேதி, நீர். காயின் ஒவ்வொரு செல்லும் உறுதியான சுவருக்குள் அடைபட்ட ஒரு நீர்ப்பை. உள்ளே சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருப்பதால் நீர் மேலும் மேலும் உள்ளே புகப் பார்க்கிறது. புகுந்த நீர் சுவரை வெளிப்பக்கமாக அழுத்துகிறது. நன்றாக நீர் குடித்து நிற்கும் செடியின் செல்லுக்குள் இந்த அழுத்தம், கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைவிட அதிகமாகவே இருக்கும். அப்படி விறைத்து நிற்கும் லட்சக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் உடைவதுதான் நாம் கேட்கும் ‘டக்’. நீர் குறைந்துவிட்டால் செல்கள் தளர்ந்து காய் வளையும், சத்தம் வராது.

இரண்டாவது சேதி, வயது. உள்ளே விதை முற்ற முற்ற, காயின் நாரிழைகளில் லிக்னின் என்ற கெட்டிப்பொருள் படிகிறது. மரக்கட்டைக்கு உறுதி தருவதும் இதே லிக்னின்தான். வெண்டையில் இது நடக்கும் வேகம் அசாத்தியமானது. வெண்டை போட்டவர் ஒருநாள் விட்டு ஒருநாள் தோட்டத்தில் இறங்கியே ஆக வேண்டும். ஒரு பறிப்பைத் தவறவிட்டால் அந்தக் காய் விதைக்குத்தான் ஆகும்.

உழவர் சந்தையில் காய் வாங்கிப் பழகியவர்கள் ‘அங்கே வாங்கினா ருசியே தனி’ என்பார்கள். விலை மலிவு, கண்ணெதிரே விவசாயி, காலைக் குளிரில் ஒரு நடை என்று காரணங்கள் பல சொல்லலாம். எனக்குப் பெரிதாகப் படும் காரணம் வேறு. அங்கே நாம் காயோடு சேர்த்து வாங்குவது நேரத்தை. தோட்டத்துக்கும் அடுப்புக்கும் இடையே ஓடும் மணிநேரங்கள் காய்க்குள் என்னவெல்லாம் செய்கின்றன என்று தெரிந்துகொண்டால், அந்த ருசிப் பேச்சு வெறும் பிரமை இல்லை என்பது விளங்கும்.

காம்பை அறுத்ததும் காயின் உயிர் போய்விடுவதில்லை. செடியில் இருந்தபோது விட்ட மூச்சைக் கூடையிலும் விட்டுக்கொண்டே இருக்கிறது. காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்து, தன்னிடம் உள்ள சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் நீரையும் வெளியே விடுகிறது. கூடவே வெப்பமும் வருகிறது. பச்சைப் பட்டாணியை மூட்டையில் இறுக்கிக் கட்டி ஓரிரவு வைத்துவிட்டுக் காலையில் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரியும். அது பட்டாணியின் மூச்சுச் சூடு. செடியில் இருந்தவரை எரித்த சர்க்கரைக்கு ஈடு வந்துகொண்டிருந்தது. பறித்த பிறகு வரவு நின்றுவிட்டது, செலவு மட்டும் தொடர்கிறது.

எல்லாக் காயும் ஒரே வேகத்தில் மூச்சு விடுவதில்லை. உருளைக்கிழங்கும் வெங்காயமும் அடுத்த பருவம் வரை உறங்கிக் கிடப்பதற்காகவே செடி சேர்த்து வைத்த சேமிப்பு. அவற்றின் மூச்சு மிக மெதுவானது, வாரக்கணக்கில் தாங்கும். செடி அவசர அவசரமாக வளர்த்துக்கொண்டிருந்த பகுதிகள்தான் வேகமாக மூச்சு விடும். கீரைக் கொழுந்து, பட்டாணி, வெண்டை, இளம் மக்காச்சோளம் எல்லாம் அந்த வகை. நாம் எதைப் ‘பிஞ்சு’ என்று தேடித் தேடி வாங்குகிறோமோ அதுவே வேகமாகத் தன்னைத் தானே தின்று தீர்க்கிறது.

இனிப்புச் சோளத்தை எடுத்துக்கொள்வோம். கதிரை ஒடித்த கணத்திலிருந்து மணிக்குள் இருக்கும் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். சாதாரண இனிப்புச் சோள ரகமாக இருந்தால் 30 டிகிரி வெப்பத்தில் ஒரே நாளில் சர்க்கரையில் பாதி போய்விடும். பட்டாணிக்கும் இதே கதிதான். தோட்டத்திலேயே உரித்து வாயில் போட்ட பட்டாணியின் இனிப்பு அதன் பிறகு எந்தக் கடைப் பட்டாணியிலும் கிடைக்கவில்லை என்று சொல்பவர்கள் பழைய நினைவில் உருகவில்லை. நாக்கு சரியாகத்தான் அளந்திருக்கிறது.

வெப்பம் கூடினால் இந்த மூச்சு எப்படி எகிறும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் மூச்சின் வேகம் ஏறக்குறைய 2 முதல் 3 மடங்காகும். அப்படியானால் 20 டிகிரியில் இருக்கும் கீரையை 40 டிகிரிக்குக் கொண்டுபோனால் 4 முதல் 9 மடங்கு. மே மாத மதியத்தில் தார்ப்பாய் போர்த்திய லாரிக்குள் நிற்கும் ஒரு நாள், விடியற்காலைக் குளிரின் பல நாட்களுக்குச் சமம். ‘காலையில் பறித்தது’ என்ற ஒரு சொல் போதாது. காலையிலிருந்து எங்கே இருந்தது என்பதும் முக்கியம்.

விவசாயிகளுக்கு இந்தக் கணக்கு பாடப்புத்தகத்தில் வந்ததில்லை. ‘வெயில் ஏறுறதுக்குள்ள பறிச்சிடணும்’ என்பது அவர்களின் சாதாரணப் பேச்சு. இரவில் இலையின் துளைகள் மூடிக்கொள்கின்றன. நீர் வெளியேறுவது குறைகிறது. வேர் மட்டும் தொடர்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. பகல் முழுக்க இழந்த நீரை ஈடுகட்டி, விடியும்போது இலை முழு விறைப்போடு நிற்கும். மண்ணும் காற்றும் அப்போதுதான் அதிகக் குளிர்ச்சி. பறிப்பதற்கு அதைவிட நல்ல வேளை 24 மணி நேரத்தில் கிடையாது. முந்தைய நாள் பொழுது சாய்ந்த பிறகு பறித்து, இரவுக் காற்றில் பரப்பி வைத்துக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அதுவும் இதே அறிவுதான். உழவர் சந்தை அதிகாலையில் கூடி வெயில் ஏறும் முன் களைகட்டி முடிவது மனிதர்களின் வசதிக்காக மட்டும் அமைந்த நேரம் இல்லை. காயின் உடம்புக்கும் அதுவே பொருத்தமான நேரம்.

கீரைக்கட்டை அங்கே எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? தண்டுக்கீரையும் சிறுகீரையும் வேரோடு இருக்கும். வேரில் ஈரமண் ஒட்டியிருக்கும். கட்டுகளை நனைத்த சாக்கின் மேல் அடுக்கி, அவ்வப்போது கையால் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். தெளித்த நீர் ஆவியாகும்போது இலையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சுற்றிலும் ஈரக்காற்று நிற்பதால் இலைக்குள்ளிருந்து நீர் வெளியேறுவதும் தடைபடும். கீரைக்கு இது உயிர்ப் பிரச்சினை. தன் எடையில் 100க்கு 3 முதல் 5 பங்கு நீர் போனாலே இலை வாடிவிடும். வாடிய கீரையில் வைட்டமின் சி இன்னும் வேகமாகக் குறையும். அளவுக்கு மீறித் தெளித்தால் அழுகல் நுண்ணுயிர்களுக்குக் கொண்டாட்டம் என்பதால் தெளிப்பதிலும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது.

நம் வீடுகளில் செய்யும் ஒரு வேலையை இங்கே சொல்லியாக வேண்டும். முருங்கைக்கீரையை உருவி ஆய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அதனால் வாங்கி வந்த கொத்துகளை ஒரு துணியிலோ செய்தித்தாளிலோ சுருட்டி இறுக்கிக் கட்டி இரவு முழுக்க வைத்துவிடுவார்கள். காலையில் பிரித்து உதறினால் இலைகள் பொலபொலவென்று உதிர்ந்துவிடும், ஈர்க்கு மட்டும் கையில் நிற்கும். இதைச் செய்கிற பாட்டிகள் ஒரு தாவர ஹார்மோனைக் கையாள்கிறார்கள். அதன் பெயர் எத்திலீன். ஒவ்வொரு சிற்றிலையும் ஈர்க்கோடு சேரும் இடத்தில், பிரிவதற்கென்றே அமைந்த மெல்லிய செல் அடுக்கு ஒன்று இருக்கிறது. இளம் இலையிலிருந்து ஆக்சின் என்ற ஹார்மோன் வந்துகொண்டிருக்கும்வரை அந்த அடுக்கு கெட்டியாகப் பிடித்திருக்கும். கொத்தை மரத்திலிருந்து ஒடித்து மூட்டை கட்டும்போது ஆக்சின் வரத்து தளர்கிறது, இலைகள் விடும் எத்திலீன் வாயு வெளியே போக வழியின்றிச் சேர்கிறது. அடுக்கில் உள்ள செல்கள் தமக்கிடையே உள்ள ஒட்டுப்பசையைக் கரைத்துக்கொள்கின்றன. இலை விழுகிறது. அது உயிரோடு இருப்பதால்தான் உதிர்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. உலர்ந்த கொத்து இப்படிச் சுத்தமாக உதிராது.

எத்திலீனை உலகம் அடையாளம் கண்ட கதை சுவையானது. 19ஆம் நூற்றாண்டில் நகரத் தெருக்களில் நிலக்கரி வாயு விளக்குகள் எரிந்தன. குழாயில் கசிவு இருந்த இடங்களில் மரங்கள் காலமல்லாத காலத்தில் இலை உதிர்த்தன. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்ஜுபோவ் என்ற இளம் ஆய்வாளர், ஆய்வுக்கூடத்தில் முளைத்த பட்டாணி நாற்றுகள் நிமிராமல் பக்கவாட்டில் வளர்வதைப் பார்த்தார். வெளிக்காற்றில் வைத்தால் நேராக வளர்ந்தன. விளக்கு வாயுவில் உள்ள எத்திலீன்தான் காரணம் என்று 1901இல் எழுதினார். பழங்கள் தாமே இந்த வாயுவை உண்டாக்குகின்றன என்று 1934இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன் நிரூபித்தார். நம் ஊரிலோ மாங்காயை வைக்கோலில் புதைப்பதும், வாழைத்தாரை மூட்டம் போட்டுப் புகை காட்டிப் பழுக்க வைப்பதும் வாயுவின் பெயர் தெரியாமலே நடந்துகொண்டிருந்தன. வைக்கோல் மாம்பழத்தின் எத்திலீனை வெளியேறவிடாமல் பிடித்து வைக்கிறது. புகையிலோ எத்திலீன் நேரடியாகவே இருக்கிறது.

மா, வாழை, தக்காளி, கொய்யா, பப்பாளி போன்றவை பறித்த பிறகும் பழுக்கும். எலுமிச்சை, திராட்சை, மாதுளை, அன்னாசி போன்றவற்றில் பறித்த பிறகு இனிப்பு ஏறாது. செடியில் என்ன சேர்ந்ததோ அதோடு சரி. பறித்த பிறகும் பழுக்கும் என்ற வசதியைத்தான் நீண்டதூர வியாபாரம் பிடித்துக்கொண்டது. காயாகவே பறித்து, கல்லாகவே ஏற்றி, சேரும் ஊரில் பழுக்க வைத்துக்கொள்ளலாம். கட்டுப்பாடான அறையில் எத்திலீன் வாயு கொடுத்துப் பழுக்க வைப்பதற்கு நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருகின்றன. கார்பைடு கல் வைப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள் அதில் கலந்திருக்கக்கூடும். எப்படிப் பழுக்க வைத்தாலும், காயாகப் பறித்த நாளோடு செடியிலிருந்து வந்த சர்க்கரை வரவு நின்றுவிட்டது. நிறம் வந்துவிடும், ருசி முழுதாக வராது.

தக்காளியில் இந்தத் தூரம் விதைக்குள்ளேயே புகுந்துவிட்டது. நம் கடைகளில் ‘நாட்டுத் தக்காளி’, ‘பெங்களூர் தக்காளி’ என்று பிரித்துச் சொல்வோம். நாட்டுத் தக்காளி புளிப்பு, மெல்லிய தோல், நிறையச் சாறு, ரசத்துக்கு அதுதான். பெங்களூர் தக்காளி கெட்டித் தோல், சதைப்பற்று. பெட்டியில் அடுக்கினால் நசுங்காது, வாரம் தாங்கும். பயணத்துக்கு எது தாங்குமோ அதையே ஆண்டுக்கு ஆண்டு தேர்ந்தெடுத்ததில், தாங்காத ரகங்கள் ஓரங்கட்டப்பட்டன. 2017இல் வெளியான ஓர் ஆய்வு ஏறக்குறைய 400 தக்காளி ரகங்களை ஒப்பிட்டு, ருசிக்குக் காரணமான 13 வாசனைப் பொருட்கள் நவீன ரகங்களில் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டியது. 2012இல் இன்னொரு கண்டுபிடிப்பு. பழைய ரகங்கள் பலவற்றில் காயின் காம்படி கரும்பச்சையாக இருக்கும். பார்வைக்கு ஒரே சீராக இருக்க வேண்டும் என்று வளர்ப்பாளர்கள் சுமார் 70 ஆண்டுகளாக அந்தக் கரும்பச்சை இல்லாத செடிகளையே தேர்ந்தெடுத்து வந்தார்கள். அப்படித் தேர்ந்தெடுத்தபோது, காயிலேயே பச்சையத்தைப் பெருக்கிச் சர்க்கரை சேர்க்க உதவும் ஒரு மரபணு செயலிழந்து போனது பிறகுதான் தெரிந்தது. அழகுக்காக இனிப்பைக் கொடுத்திருக்கிறோம், கொடுத்தது தெரியாமலே.

பக்கத்துச் சந்தையின் இன்னொரு பெரிய நன்மை என்று நான் கருதுவது இதைத்தான். 15 கிலோமீட்டர் மட்டும் பயணம் போக வேண்டிய காய், 500 கிலோமீட்டருக்கான தோலைப் போர்த்திக்கொள்ள வேண்டியதில்லை. அதனால் ஊர் ரகங்களுக்கும் அங்கே இடம் உண்டு. வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படிப் பெயர் பெறாத கத்தரிகள் ஊருக்கு ஊர் எத்தனையோ. மணத்தக்காளி, முடக்கத்தான், பொன்னாங்கண்ணி போன்றவற்றைப் பெரிய லாரி வியாபாரம் சீந்தாது. பக்கத்தில் வாங்க ஆள் இருக்கும்வரைதான் அவற்றைப் பயிரிட ஆள் இருப்பார்கள்.

பறித்த காயின் உயிர்ப்பைப் பற்றி நான் படித்ததில் மிகவும் மலைக்க வைத்தது முட்டைக்கோஸ் பற்றியது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 2013இல் வெளிவந்த ஆய்வு அது. கடையில் வாங்கிய முட்டைக்கோஸை 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். வேரும் இல்லை, மண்ணும் இல்லை. ஆனாலும் கோஸ் பகலிரவை மீண்டும் கணக்கிடத் தொடங்கிவிட்டது. புழுக்கள் மும்முரமாகத் தின்னும் பகல் நேரத்துக்குத் தோதாகத் தன் தற்காப்பு வேதிப்பொருட்களைக் கூட்டியது, இரவில் குறைத்தது. இருட்டோ வெளிச்சமோ விடாமல் ஒரே நிலையில் வைத்தவற்றில் இந்தத் தாளம் தளர்ந்தது. புழுக்கள் அவற்றை அதிகமாகத் தின்றன. கோஸ் மட்டும் இல்லை, கீரை, கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றிலும் பறித்த பிறகு பகலிரவுத் தாளம் தொடர முடிவதைக் கண்டார்கள்.

அப்படியானால் ஃபிரிட்ஜ் போதுமே என்று தோன்றலாம். குளிர் மூச்சைக் குறைக்கும், உண்மை. ஆனால் வெப்ப நாட்டில் பிறந்த காய்கள் பலவற்றுக்குக் கடுங்குளிர் ஆகாது. வாழை, கத்தரி, வெண்டை, வெள்ளரி, மா எல்லாம் குளிரில் காயப்படும். அவற்றின் செல்களைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வு குளிரில் இறுகி, கசியத் தொடங்கும். வாழைத்தோல் கறுப்பதும், வெண்டையில் பள்ளங்கள் விழுவதும் அதனால்தான். தக்காளியைச் சில நாள் 5 டிகிரிக் குளிரில் வைத்தால் வாசனைப் பொருட்களை உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிப் போவதை 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. வெளியே எடுத்து வைத்த பிறகும் அந்த வாசனை முழுதாகத் திரும்பவில்லை. நம் காய்களுக்குக் குளிர்சாதனத்தைவிடக் குறுகிய தூரமே நல்ல பாதுகாப்பு.

இனி விற்பவர் பக்கம். விவசாயியே நேரடியாக விற்கும் சந்தையாகப் பஞ்சாபில் 1987இல் ‘அப்னி மண்டி’ தொடங்கியது. ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் ‘ரைத்து பஜார்’. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். 2001க்குப் பிறகு சில ஆண்டுகள் கவனிப்பின்றிக் கிடந்த சந்தைகள் 2006க்குப் பிறகு மீண்டும் எழுந்தன. விவசாயி என்று அதிகாரிகள் சரிபார்த்துக் கொடுக்கும் புகைப்பட அட்டை, வாடகையில்லாக் கடை, இலவசத் தராசு, வாசலில் அன்றன்றைய விலைப்பலகை என்பதுதான் ஏற்பாடு. மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிக்கடைச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் விலை வைப்பது நடைமுறை. இரண்டு பக்கமும் லாபம் எப்படி வர முடியும்? இடையில் இருக்கும் ஏற்று கூலி, இறக்கு கூலி, கமிஷன், கழிவு எல்லாம் இல்லாமல் போவதால். ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் காயில் அடிபடுகிறது. அடிபட்ட செல் எத்திலீனை விடுகிறது. அது பக்கத்துக் காயையும் சேர்த்து முதிர வைக்கிறது. அந்தக் கழிவையும் சேர்த்துத்தான் கடையில் நாம் விலை கொடுக்கிறோம். ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்றின்படி, தக்காளிக்கு நாம் தரும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போய்ச் சேருவது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36, உருளையில் 37.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உழவர் சந்தையில் விற்பதெல்லாம் இயற்கை விவசாயத்தில் விளைந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அட்டை சொல்வது விளைவித்தவர் யார் என்பதை மட்டுமே. சமவெளி ஊர்ச் சந்தையில் கிடைக்கும் கேரட் பெரும்பாலும் மலையிலிருந்து இறங்கி வந்ததுதான். உருளைக்கிழங்கும் பெரிய வெங்காயமும் எங்கே வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை, அவை உறங்கும் ஜாதி.

ஆகவே தேர்ந்து வாங்குங்கள். கீரை, வெண்டை, அவரை, பட்டாணி, கத்தரிப் பிஞ்சு, நாட்டுத் தக்காளி ஆகியவற்றுக்குக் காலையிலேயே சந்தைக்குப் போங்கள். ‘எப்ப பறிச்சதுங்க?’ என்று கேளுங்கள். பறித்தவரே பதில் சொல்லும் இடம் அது. வெயிலில் நிற்கும் வண்டியில் பையை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். கீரையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து அன்றைக்கே சமையுங்கள், தக்காளியை ஃபிரிட்ஜுக்கு வெளியே வையுங்கள். விலைப்பலகையில் எழுதியிருக்கும் விலைக்குக் கீழே பேரம் பேசாதீர்கள். உங்களுக்காக இருட்டில் எழுந்து பறித்தவரின் கூலி அந்த விலைக்குள் இருக்கிறது.